கிட்டில் கோடு, ஸ்லைடில் ஒன்றுமில்லை: குழந்தைக்கு மலேரியா இருக்கிறதா?

கேள்வியின் சாரம் இது. உகாண்டாவின் டொரோரோவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். நாலு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்ததும் விரல் நுனியில் ரத்தம் எடுத்து மலேரியாக் கிட்டில், அதாவது கோடு காட்டும் சோதனைப் பட்டையில், பார்த்திருக்கிறார்கள். பாசிட்டிவ். மூன்று நாள் மாத்திரையில் பிள்ளை தேறிவிட்டான். பன்னிரண்டாம் நாள் மறுபடி காய்ச்சல், மறுபடி கிட், மறுபடி பாசிட்டிவ். சந்தேகப்பட்டு வேறோர் ஆய்வகத்தில் ஸ்லைடு போட்டு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில், பார்த்தால், 'ஒட்டுண்ணி தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் இன்னொரு கோர்ஸ் கொடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். "குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கிட் எவ்வளவு நம்பகமானது?" என்பது கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குழந்தை மருத்துவன் இல்லை; ஆய்வகத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். பையனை நேரில் பார்க்கும் டாக்டரின் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் அந்தக் கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை என்னால் விளக்க முடியும்.

சுருக்கமான பதில்: அந்த இரண்டாவது பாசிட்டிவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பெரும்பாலும் அது முதல் மலேரியாவின் மிச்சம். இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தேட வேண்டும். அதற்காக, ஒரே ஒரு ஸ்லைடு நெகட்டிவ் என்பதால் மலேரியாவை அடியோடு தள்ளிவிடவும் கூடாது. இனி விரிவாக.

கிட் ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை. ஒட்டுண்ணி ரத்தத்தில் விட்ட புரதத்தைத்தான் பிடிக்கிறது. சுமார் 5 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஒரு துளியில் சிறு பங்கு, பட்டையின் ஓரத்தில் வைக்கப்படுகிறது. அதன்மேல் விடும் திரவம் ரத்தத்தை உடைத்து இழுத்துக்கொண்டு போகிறது. வழியில் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைக் கவ்வுகிறது. சற்றுத் தள்ளிக் கோடாகப் பூசியிருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அந்த ஜோடியை நிறுத்தி வைக்கிறது. தங்கத் துகள்கள் ஓரிடத்தில் குவிவதால்தான் அந்தச் செந்நீலக் கோடு. கர்ப்பம் பார்க்கும் பட்டையும் இதே வித்தைதான்.

எந்தப் புரதம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பால்சிபாரம் வகை ஒட்டுண்ணி மட்டும் உண்டாக்கும் எச்.ஆர்.பி.2 என்ற புரதம் ஒன்று. எல்லா மலேரியா ஒட்டுண்ணிகளும் உயிர்வாழ உண்டாக்கும் பி.எல்.டி.எச். என்ற நொதி இன்னொன்று. ஆப்பிரிக்காவில் அதிகம் புழங்குவது முதல் வகைக் கிட். காரணமும் நியாயமானது: அங்கே உயிரைக் குடிப்பது பால்சிபாரம், அந்தப் புரதம் தாராளமாக ரத்தத்தில் கிடைக்கிறது, கிட் வெயிலையும் ஓரளவு தாங்குகிறது.

ஆனால் எச்.ஆர்.பி.2 லேசில் ரத்தத்தை விட்டுப் போகாது. பந்தி முடிந்து விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் எச்சில் இலை கிடக்கிறதல்லவா, அந்தக் கதை. இலையைப் பார்த்து விருந்து நடந்தது என்று சொல்லலாம். ஆட்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பி.எல்.டி.எச். அடுப்புப் புகை மாதிரி. அடுப்பு எரியும்வரைதான் வரும். ஒட்டுண்ணி செத்தால் சில நாட்களில் அதுவும் மறைந்துவிடும்.

பல ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், சரியான சிகிச்சை முடிந்து சுமார் 15 நாள் ஆன பிறகும் எச்.ஆர்.பி.2 கிட்டில் பாதிப் பேருக்குப் பாசிட்டிவ் வந்துகொண்டிருந்தது. ஐந்து வாரம் கழித்தும் இருபதில் ஒருவருக்கு அந்தக் கோடு இருந்தது. முதல் தடவை ரத்தத்தில் ஒட்டுண்ணி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நாள் மிச்சமும் நீடிக்கும். சின்னக் குழந்தைகளின் உடலில் ஒட்டுண்ணி பெரியவர்களைவிட வேகமாகப் பெருகும் என்பதால் இந்த மிச்சக் கோடு அவர்களிடம்தான் அதிகம் தொல்லை கொடுக்கிறது. உங்கள் பையனுக்குப் பன்னிரண்டாம் நாள். கோடு வராமல் இருந்திருந்தால்தான் கொஞ்சம் ஆச்சரியம்.

இதனால்தான் சிகிச்சை முடிந்து 28 நாளுக்குள் திரும்பக் காய்ச்சல் வந்தால், மருந்து கேட்டதா இல்லையா என்பதை எச்.ஆர்.பி.2 கிட்டை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, ஸ்லைடோ பி.எல்.டி.எச். கிட்டோதான் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. இரண்டாவது தடவை கிட் போட்டுப் பார்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்ததை வைத்துப் பார்த்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அது பொருத்தமான கருவி இல்லை.

சரி, ஸ்லைடை மட்டும் நம்பலாமா? என் தொழிலே அது என்பதால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. நல்ல சாயம், நல்ல லென்ஸ், அவசரமில்லாத கண் இருந்தால் ஒரு மைக்ரோலிட்டருக்குப் பத்து இருபது ஒட்டுண்ணி இருந்தாலும் பிடித்துவிடலாம். சாதாரண ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு எண்பது ஸ்லைடு குவியும்போது 50, 100 என்ற அளவுக்குக் கீழே போனால் தவறிவிடும். நூறு ஒட்டுண்ணி என்பது கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் சிவப்பணு ஏறத்தாழ ஐம்பது லட்சம் என்பதால், ஐம்பதாயிரத்தில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை அது. ரத்தத்தைத் தடிமனாகப் பூசிய ஸ்லைடில் நூறு புலங்களாவது (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுத வேண்டும். எத்தனை பேர் நூறு பார்க்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அதனால் ஒரு நெகட்டிவ் ஸ்லைடோடு நிறுத்தாமல், காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் இன்னொன்று போடுவது வழக்கம்.

கிட்டின் எல்லையும் கிட்டத்தட்ட இதே இடம்தான்: மைக்ரோலிட்டருக்கு 100 முதல் 200 ஒட்டுண்ணி. கிட்களைத் தரம் பார்க்க உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவுகோலும் 200 ஒட்டுண்ணி அளவில் எவ்வளவு பிடிக்கிறது என்பதே.

இப்போது நீங்கள் கேட்ட 'எவ்வளவு நம்பகம்' என்பதற்கான எண்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-ல் வெளியிட்ட திறனாய்வு 74 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எல்லா வயதினரும் அதில் அடக்கம். எச்.ஆர்.பி.2 கிட்கள் மலேரியா உள்ள நூறு பேரில் சுமார் 95 பேரைப் பிடித்தன. மலேரியா இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேரைச் சரியாக 'இல்லை' என்றன. பி.எல்.டி.எச். கிட்கள் நோய் உள்ளவர்களில் சுமார் 93 பேரைப் பிடித்தன, இல்லாதவர்களில் 98, 99 பேரைச் சரியாக 'இல்லை' என்றன. அதாவது முதல் வகை கொஞ்சம் அதிகம் பிடிக்கும், கொஞ்சம் அதிகம் பொய் சொல்லும்.

95 என்றதும் மனசு நிம்மதியாகிவிடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிம்மதி போய்விடும். காய்ச்சலோடு வரும் ஆயிரம் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மலேரியா இருக்கும் ஊர் ஒன்று. கிட் 475 பேரைச் சரியாகப் பிடிக்கும், 25 பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு உண்மை. இன்னொரு ஊரில் ஆயிரத்தில் 50 பேருக்குத்தான் மலேரியா. அங்கே கிட் 47 அல்லது 48 பேரைப் பிடிக்கும்; மீதி 950 பேரில் 5 சதவீதம், அதே 47 அல்லது 48 பேர், தப்பாக மாட்டுவார்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை! கிட் ஒன்றுதான், ஊர் மாறியதும் கோட்டின் அர்த்தம் மாறிவிட்டது. நெகட்டிவ் பக்கம் தலைகீழ்: இரண்டாவது ஊரில் நெகட்டிவ் வந்தால் ஏறக்குறைய முழுசாக நம்பலாம்.

உகாண்டாவிலேயே இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. வடக்கே அபாச் பகுதியில் 2001 வாக்கில் கணக்கெடுத்தபோது ஒருவரை ஒரு வருஷத்தில் 1,500-க்கும் மேற்பட்ட நோய்க்கொசு கடித்துக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரிக்கு நாலு! தலைநகர் கம்பாலாவில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. உங்கள் டொரோரோவும் கொசு பலமான ஊர்தான். 2014 கடைசியில் வீடுகளுக்குள் மருந்து தெளிக்க ஆரம்பித்த பிறகு பரவல் வெகுவாக இறங்கி, சில வருஷம் கழித்துத் திரும்ப ஏறியது. பத்து வருஷத்துக்குள் அதே ஊரில் அதே கிட்டின் பேச்சு இரண்டு தடவை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே போட்ட கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. 95 என்ற எண் எல்லா ஊரிலும் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டேன். நிற்காது. கொசு அதிகமான ஊரில் ஒரு குழந்தைக்கு வருஷத்தில் பல தடவை மலேரியா வந்து போகிறது. ஒவ்வொரு தடவையும் எச்சில் இலை சில வாரம் கிடக்கும். அப்படியானால் வருஷத்தில் பாதி நாள் அந்தக் குழந்தைக்கு எதற்குக் காய்ச்சல் வந்தாலும் கிட் பாசிட்டிவ்தான். உகாண்டாவில் பரவல் வேறுவேறாக உள்ள ஏழு இடங்களில் கிட்களைச் சோதித்தபோது இதுதான் தெரிந்தது: பரவல் ஏற ஏற எச்.ஆர்.பி.2 கிட்டின் தப்புப் பாசிட்டிவும் ஏறியது, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம்.

நோயைத் தவறவிடும் விஷயத்தில் கிட் மிகக் குறைவாகச் சறுக்குவதும் குழந்தைகளிடம்தான். அவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏராளமாக இருக்கும், கோடு பளிச்சென்று வரும். பல வருஷம் கடிபட்டு உடம்பு பழகிய பெரியவர்களுக்குத்தான் ஒட்டுண்ணி கொஞ்சமாக ஒளிந்திருந்து கிட்டை ஏமாற்றும். ஆகவே 'குழந்தைகளுக்குக் கிட் சரியாக வேலை செய்யுமா' என்றால், நோயைப் பிடிப்பதில் கெட்டி, நோயில்லாத பிள்ளையை 'இல்லை' என்று விடுவதில் கோட்டை விடும்.

விடுவதில் கோட்டை விட்டால் என்ன, ஒரு கோர்ஸ் மாத்திரை அதிகம் போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆபத்து அந்த மாத்திரையில் இல்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடுகிறோமே, அதில் இருக்கிறது.

மலாவியின் பிளான்டைர் நகரில் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு, சிகிச்சை கொடுத்தும் இறந்துபோன குழந்தைகளைப் பெற்றோர் சம்மதத்துடன் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. 31 பேரில் 7 பேருக்கு மரணக் காரணம் மலேரியாவே இல்லை. ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது உண்மை, மயக்கம் உண்மை, கொன்றது வேறொன்று. இது கிட்டின் பிழைகூட இல்லை. கொசு நிறைந்த ஊரில் நன்றாக ஓடியாடும் குழந்தைகள் பலரின் ரத்தத்திலேயே ஒட்டுண்ணி இருக்கும். அந்தக் குழந்தைக்கு நிமோனியா வந்தாலும் கிட் பாசிட்டிவ், ஸ்லைடும் பாசிட்டிவ், ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தாலும் பாசிட்டிவ். 'ரத்தத்தில் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு எல்லாச் சோதனையும் சரியாகத்தான் பதில் சொல்கிறது. தாய் கேட்பது 'இந்தக் காய்ச்சல் அதனாலா?' என்று. அதற்குப் பதில் கிட்டில் இல்லை.

தான்சானியாவில் இஃபாகாராவிலும் தார் எஸ் சலாமிலும் வெளிநோயாளியாகக் காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளுக்கு இருக்கிற சோதனை எல்லாம் செய்து பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். 62 சதவீதம் பேருக்குச் சளி, இருமல், நிமோனியா போன்ற மூச்சுப்பாதைத் தொற்று. மலேரியா 10.5 சதவீதம்தான். பெரும்பாலான காய்ச்சலுக்கு மூலம் வைரஸ். இதற்குச் சில வருஷம் முன்புவரை அதே ஆப்பிரிக்காவில், கொசு அதிகமான பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சோதிக்காமலே மலேரியா மருந்து என்பதுதான் விதி. 2010-ல்தான், எந்த வயதானாலும் முதலில் சோதித்துவிட்டு மருந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றியது.

இப்படிச் சொல்வதால் கிட்டை மட்டம் தட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வந்திருக்காவிட்டால் இந்த 2010 விதியே சாத்தியமில்லை. மின்சாரம் இல்லாத ஊரில், மைக்ராஸ்கோப் இல்லாத திண்ணையில், கால் மணி நேரத்தில் பதில். செனகலில் 2007-ல் நாடு முழுக்கக் கிட் கொடுத்தார்கள். அதற்குமுன் மலேரியா மாதிரிக் காய்ச்சலோடு வந்தவர்களில் 72.9 சதவீதம் பேருக்கு மலேரியா மருந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்குள் அது 31.5 ஆக இறங்கியது. மலேரியா என்று உறுதியானவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்திவைக்கலாமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். தான்சானியாவில் காய்ச்சலோடு வந்த, ஐந்து வயதுக்குட்பட்ட 1,000 குழந்தைகளில் 603 பேருக்குக் கிட் நெகட்டிவ். அவர்களுக்கு மலேரியா மருந்து கொடுக்கவில்லை, தொடர்ந்து கவனித்தார்கள். தவறவிட்ட மலேரியாவால் சிக்கலோ மரணமோ ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் டாக்டர்களின் கை லேசில் அடங்காது. அதே நாட்டில் 2007-ல் வந்த இன்னோர் ஆய்வில், கிட் நெகட்டிவ் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா மருந்தையே எழுதியிருந்தார்கள். பிற்பாடு அது குறைந்த இடங்களில் ஆன்டிபயாடிக் எழுதுவது கூடியது. காய்ச்சலுக்கு ஏதாவது ஒன்று எழுதாமல் சீட்டைக் கிழித்துக் கொடுக்க எந்த ஊரிலும் மனசு வராது போல.

இங்கே உங்கள் குடும்பத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியவை. பல தடவை கடிபட்டு வரும் எதிர்ப்புச் சக்தி உங்கள் பையனுக்குக் கிடையாது. இதனால் இரண்டு விஷயம் மாறுகிறது. அவன் ரத்தத்தில் ஒட்டுண்ணி சும்மா குடியிருக்க வாய்ப்பு குறைவு. இருந்தால் அது நோய்தான். இன்னொன்று, ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும்போதே அவனுக்குக் காய்ச்சல் அடித்துவிடும். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே கிட் போட்டால் கோடு வராமல் போகலாம். ஆகவே 'நெகட்டிவை நம்பு' என்பது அங்கே பிறந்த குழந்தைக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு உங்கள் பையனுக்குப் பொருந்தாது. காய்ச்சல் விடவில்லையென்றால் மறுநாளும், தேவையானால் அதற்கடுத்த நாளும் சோதிக்க வேண்டும். இது இனி வரப்போகும் காய்ச்சல்களுக்கும் சேர்த்து.

இப்போதைய காய்ச்சலுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் புதிய கொசுக்கடியால் மலேரியா வந்திருக்குமா? கொசு கடித்து ஒட்டுண்ணி கல்லீரலில் இருந்து ரத்தத்துக்கு வரவே ஒரு வாரம் ஆகும். தவிர, அங்கே வழக்கமாகக் கொடுப்பது ஆர்ட்டிமெதர்–லூமிஃபான்ட்ரின். அதில் லூமிஃபான்ட்ரின் இரண்டு வாரம் போல ரத்தத்தில் நின்று காவல் காக்கும். புதுத் தொற்றுக்கு நேரம் போதாது. பழையது முழுக்க அழியாமல் திரும்பியிருக்குமா? அது நடக்கக்கூடியது. அதற்கு ஒரு கேள்வி: ஆறு வேளையும் ஒழுங்காகப் போனதா, பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ சேர்த்துக் கொடுத்தீர்களா, கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தானா? வெறும் வயிற்றில் லூமிஃபான்ட்ரின் சரியாக உடம்பில் சேராது. வடக்கு உகாண்டாவில் ஆர்ட்டிமிசினினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டும் ஒட்டுண்ணிகள் பதிவாகியிருப்பதும் உண்மை. அதனால்தான் மலேரியாவை அடியோடு தள்ளிவிட வேண்டாம் என்றேன். டாக்டரிடம் கேட்டு இன்னொரு ஸ்லைடு, எண்ணிக்கையோடு எழுதச் சொல்லி, போடுங்கள். பி.எல்.டி.எச். கோடு தனியாக உள்ள கிட் கிடைத்தால் அதுவும் உதவும். ஆனால் கொசு வழியாகப் பரவத் தயாராகும் ஆண், பெண் வடிவங்கள் ரத்தத்தில் மிஞ்சியிருந்தால் அவையும் அந்த நொதியை விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஸ்லைடிலும் ஒன்றும் இல்லையென்றால், இன்னொரு கோர்ஸ் வேண்டாம் என்ற டாக்டர் பக்கம்தான் என் ஓட்டு.

ஸ்லைடு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். காது, தொண்டை, சிறுநீர் பார்க்கச் சொல்லுங்கள். பையன் தூங்கும்போது ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். அவன் வயதில் நிமிஷத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால், கிட் என்ன காட்டினாலும் நுரையீரலைப் பார்த்தாக வேண்டும். குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடுமையான மலேரியா என்று வரும்போது நான் இதுவரை குறை சொன்ன அதே எச்.ஆர்.பி.2 கைகொடுக்கும். கொடிய நிலையில் பால்சிபாரம் புகுந்த சிவப்பணுக்கள் மூளை, குடல் என்று உள்ளுறுப்புகளின் சிறு ரத்தக்குழாய்களில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். விரலில் எடுக்கும் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் கொஞ்சமாகவோ இல்லாமலோ போகலாம், ஸ்லைடு ஏமாறும். ஆனால் ஒளிந்திருக்கும் கூட்டம் விடும் புரதம் ரத்தம் முழுக்கச் சுற்றும், கிட் பிடித்துவிடும். வரும் வழியில் பாதி மருந்து கொடுத்துக் கூட்டிவந்த குழந்தைக்கும் அப்படித்தான். ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவையே அளந்து, மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கு உண்மையிலேயே மலேரியாதானா என்று பிரித்தறியும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

கிட் பொய்யாக நெகட்டிவ் காட்டும் இன்னொரு வழி ஒட்டுண்ணியே கைவரிசை காட்டுவது. எச்.ஆர்.பி.2-ஐ உண்டாக்கும் மரபணுவையே இழந்துவிட்ட பால்சிபாரம் இருக்கிறது. பெருவின் அமேசான் பகுதியில் இருந்து 2010-ல் முதலில் செய்தி வந்தபோது இது ஏதோ ஒரு மூலை விநோதம் என்றுதான் நினைத்தார்கள். பிறகு எரித்திரியாவில் கிட்கள் வரிசையாக நெகட்டிவ் காட்ட, தேடிப் பார்த்தால் கிண்டா ஆஸ்பத்திரியில் எடுத்த மாதிரிகளில் 80 சதவீதத்தில் அந்த மரபணு இல்லை. அந்த நாடு 2016-லேயே கிட்டை மாற்றிவிட்டது. எத்தியோப்பியா, ஜிபூட்டி என்று கதை தொடர்கிறது. ஓரிடத்தில் இப்படிப் பொய் நெகட்டிவ் தரும் ஒட்டுண்ணி 5 சதவீதத்தைத் தாண்டினால் கிட்டை மாற்றுங்கள் என்பது இப்போதைய விதி. ஜிபூட்டியில் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் அதே அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு 2012-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் 27 ஆக இருந்த மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை 2020-ல் 73,000-ஐத் தாண்டியது. நம்மூர்க் கொசு, கிட்டுக்குச் சிக்காத ஒட்டுண்ணி, இரண்டும் ஒரே துறைமுகத்தில்!

இனிச் சில்லறைத் தப்புகள். சில்லறை என்றாலும் தினசரி நடப்பவை இவைதான். கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடுதான், பாசிட்டிவ்தான். உறையில் போட்ட நேரத்தில், வழக்கமாக 15 முதல் 20 நிமிஷத்தில், படிக்க வேண்டும். டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இல்லாத கோடும் தெரியும். திரவம் தீர்ந்துவிட்டது என்று தண்ணீரோ சலைனோ விட்டால் பொய்ப் பாசிட்டிவ் வரும். நோய்க் கோட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் வரவேண்டிய கட்டுப்பாட்டுக் கோடு வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள்; திரவம் ஒழுங்காக ஓடியது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ரத்தமே விடாவிட்டாலும் அந்தக் கோடு வரும்! ஒட்டுண்ணி அளவுக்கு மீறி இருந்தால் எச்.ஆர்.பி.2 கோடு மங்கிப்போவதும், அபூர்வமாக வராமலே போவதும் உண்டு. அப்போது ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி போட்டால் பளிச்சென்று வரும்.

கடைசியாக, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி கிட் வாங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியமில்லை. கொண்டுவந்தாலும் அங்கே விற்பது பெரும்பாலும் பால்சிபாரம் கிட். தமிழ்நாட்டில் கொசு கடித்து வந்தால் வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவாக இருக்க வாய்ப்புண்டு, அதற்கு அந்தக் கிட் வாய் திறக்காது. இந்தியாவில் இரண்டையும் பிரித்துக் காட்டும் கிட்களும், ஸ்லைடு பார்க்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். வந்த சில வாரங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக 'உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறோம், இந்தத் தேதியில் மலேரியாவுக்கு மருந்து கொடுத்தோம்' என்று சொல்லுங்கள். அந்தத் தேதி தெரிந்தால்தான் அவர் கோட்டைப் படிக்க முடியும். டொரோரோவில் வீட்டில் ஒன்றிரண்டு கிட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பெட்டியில் எந்தப் புரதம் என்று போட்டிருப்பதையும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள். காருக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள்; 40 டிகிரியைத் தாண்டினால் கிட் கெட்டுப்போகும், கெட்டுப்போனது வெளியே தெரியாது.